மூன்று விரற்கடை

மூத்தவனை அவன், இவன் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எழுதத்தான் போகிறேன். என்னோடு கூடப் பிறந்தவன், எனக்கு ஐந்து வயது மூத்தவன். பெயரை மட்டும் எழுத மாட்டேன். அந்தப் பெயரை வாயால் சொல்லி எத்தனையோ வருடம் ஆயிற்று. கையால் மட்டும் எதற்கு?

அவன் செத்த அன்று புதுக்கோட்டைக் கடைத்தெருவில் பாதி அவன் வீட்டு வாசலில்தான் நின்றது. லாரிக்காரர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், அவனிடம் தொழில் படித்தவர்கள், எல்லோரும். ஒருத்தர் விடாமல் ஒரே பாட்டைப் பாடினார்கள். "ஒரு சொல்லு மனுசங்க. ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். மறுபேச்சே கெடயாது." நான் கூடத்து மூலையில் உட்கார்ந்து, "ஆமாமா" என்றேன். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போட எனக்கும் தெரியும். ஆனால் பதில் சொல்ல அவன் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு சொல் மனுஷன் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எந்த விஷயமானாலும் அவன் ஒரு தடவைதான் சொல்வான். அதையும் உரக்கச் சொல்ல மாட்டான். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே, எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல், அடித்தொண்டையில் ஒரு வரி. காதில் விழுந்தால் விழுந்தது. விழாவிட்டால் அது உன் தலையெழுத்து. அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே. தப்பும் தவறுமாகச் சொல்கிறவன் வாயை மூடிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

சின்னதிலேயே அப்படித்தான். அன்னவாசல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அப்பா மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார். ஒருநாள் இவன் வடக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, வடம் நைஞ்சுபோச்சு" என்றான். "போன தையில வாங்குன வடம்டா, ஒன் வேலயப் பாரு" என்று அப்பா மாட்டை ஓட்டினார். இவன் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் தண்ணீர்ச் சால் நிறைந்து மேலே வருகிற நேரத்தில் வடம் அறுந்தது. முக்கி இழுத்துக்கொண்டு போன மாடுகள் இரண்டும் முகம் குப்புற விழுந்தன. ஒன்றுக்கு முன்னங்கால் முறிந்து, அதோடு போயிற்று.

"எம்புள்ள அப்பவே சொன்னான்" என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசினாள். சொன்னான், சரி. மாட்டை அவிழ்த்துவிட்டானா? அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தானா? வடம் அறுகிற வரையில் வரப்பில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதிலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

என் கல்யாணத்தில் ஒரு கூத்து. பாயசம் கொதிக்கும்போது சமையல்காரர் யாருடனோ வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டார். இவன் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். "அண்ணே, அது உப்பு" என்றான். சண்டைச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. அவ்வளவுதான், இவன் விறகு அடுக்கப் போய்விட்டான். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் முழுக்க இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவன் ஒரு டம்ளர் நிறைய வாங்கி, முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான்! "தெரிஞ்சும் ஏண்ணே குடிச்சே?" என்று பிறகு கேட்டேன். "தெரிஞ்சதால குடிச்சேன்" என்றான். அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின் மேலேயே கோபம் வருகிறது.

என்னைக் கட்டியவர் டிரைவர். அவரை எனக்குப் பார்த்துக் கொடுத்ததே இவன்தான். திருமயம் சாலையில் இவன் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். நாலு கல்தூண், மேலே தகரம், அவ்வளவுதான் கட்டடம். வண்டி வேலைக்கு அங்கே வந்துபோன டிரைவர்களில் இவர்தான் வண்டியை அடிக்காமல், வையாமல் ஓட்டுகிறவர் என்று அம்மாவிடம் சொன்னான். ஒரு தடவை. அம்மா அந்தத் தடவை கேட்டாள். எங்கள் வீடும் ஒர்க்‌ஷாப்பை ஒட்டியே அமைந்தது. கரி அடுப்பின் சத்தமும் சம்மட்டிச் சத்தமும்தான் எங்களுக்குக் கோழி கூவுகிற சத்தம்.

அவர் ஓட்டியது திருமயத்துக்குப் பக்கத்து ஊர் முதலாளி ஒருவருடைய ஜீப்பை. மலாயாவில் கடை வைத்திருந்த பழைய வியாபாரக் குடும்பம். யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது வாங்கியது. ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும். சமஸ்தானம் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம், முதலாளி ஊரில் அரண்மனை மாதிரி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர்ப்பூச்சுக்கு மீமிசல் கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் வர வேண்டும். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பூசினால்தான் சுவரில் முகம் பார்க்கலாம். கிளிஞ்சல் குவிந்து கிடக்கிற இடமோ வெறும் மணல். ஜீப் போகும், புதையும். மாடு கட்டி இழுத்தால் வரும், மறுபடி புதையும்.

முதலாளி யோசித்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்து ஜீப்புகளுக்குப் பெரிய டயர் மாட்டிப் பார்த்திருக்கிறாராம். கப்பலில் ஐந்து டயர் வந்து இறங்கியது. பழைய டயர் ஆறு அங்குலம் பருமன், இது ஏழரை. ஏழரை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, சனியன் ஞாபகம் வந்துவிடும். "ஏழு அம்பது" என்றே எல்லோரும் சொன்னார்கள். மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் மட்கார்டில் உரசிக் கறுக் கறுக் என்று சத்தம். வாசலில் வந்து நின்றபோது ரப்பர் கருகிய வாடை.

"மச்சான், வண்டி முக்காடு போட்டுக்கிட்டு வருது" என்றார் இவர்.

"முக்காட்டத் தூக்கிருவோம் மாப்ள" என்றான் அவன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. பெரிய டயர் மாட்டினால் வண்டி தன்னாலேயே கொஞ்சம் உயர்ந்துவிடும். அதற்கு மேலே வண்டியின் உடம்பைத் தூக்குவது அழகுக்கு அல்ல. குழியில் விழுந்து, வண்டியைத் தாங்குகிற வில்பட்டை அமுங்கும்போதும், ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், டயர் மட்கார்டைத் தொடக்கூடாது. அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு தூக்கினால் போதும். குறைந்தால் உரசும். கூடினால் கனமெல்லாம் மேலே போய்விடும். இடுப்பில் ஒரு குடம் வைத்திருக்கிறவள் சந்து முனையில் வெடுக்கென்று திரும்பிவிடலாம். தலையில் இரண்டு குடம் அடுக்கியிருக்கிறவள் அப்படித் திரும்பினால் என்ன ஆகும்? அதேதான்.

எவ்வளவு தூக்க வேண்டும் என்பதை அவன் எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் முடிவு செய்ய மாட்டான். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்தான். போதாமல், "ஏத்தா, வீட்ல சுண்ணாம்பு இருந்தா கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டான். முன் டயர் இரண்டின் தோளிலும் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினான். ஜீப்பில் நாலு நெல்மூட்டை ஏற்றினான். ஒரு பக்கச் சக்கரத்தை ஒரு கருங்கல்லின் மேல் ஏற்றி நிறுத்தினான். இன்னும் கனம் பற்றவில்லை.

"நீயும் ஏறி ஒக்காரு" என்றான் என்னிடம்.

"நான் என்ன மூட்டையா?"

"மூட்ட பேசாது. நீ பேசுவ. வேற வித்தியாசம் இல்ல."

ஏறினேன். ஒரு ஜீப்பில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல். பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தார். அவன் கீழே படுத்து மட்கார்டின் உள்பக்கத்தைப் பார்த்தான். எங்கே உரசியதோ அங்கே வெள்ளையாக ஒட்டியிருந்தது. வில்லில் ஒரு பட்டை சேர்த்து, காய்ச்சி வளைத்து, இரண்டு விரற்கடை தூக்கினான். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி மூட்டை, மறுபடி நான். ஓரத்தில் லேசாக ஒரு கோடு விழுந்தது. இன்னும் ஒரு விரல் தூக்கினான். இரண்டு நாள் வேலை. மூன்றாவது விரலில் மட்கார்டு சுத்தமாக இருந்தது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன். பழைய தடம்தான் இருந்தது, புதுசாக ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை.

"மூணு விரக்கடை. போதும்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பார்த்தீர்களா, சரியாகச் செய்து முடித்துவிட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். கூடவே, அவர் வீடு கட்டுகிற கொத்தனார். முதலாளி அந்த நாளில் கொத்தனார் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா, ஏத்துனியா எறக்குனியா? தூக்குன மாதிரியே தெரியலயே!"

"மூணு விரக்கடை ஏத்திருக்கேங்க."

கொத்தனார் நாக்கைச் சப்புக் கொட்டினார். "மூணா? மனையடிக் கணக்குல ஆறுக்குக் கீழ பலனே சொல்லலீங்க. ஏழு தரித்திரம். எட்டு ராஜயோகம். ஒம்பது ஆகவே ஆகாது."

இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். வீட்டுக்கு அறை எத்தனை அடி என்று பார்க்கிற சாஸ்திரத்தை ஜீப்புக்குப் பார்த்தார்கள். அன்றைக்கு அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

"அப்ப எட்டு வச்சிரு. வீட்டுக்கு ஒரு கணக்கு, வண்டிக்கு ஒரு கணக்கா? பாக்குறதுக்கும் எடுப்பா இருக்கும்."

வேலியோரம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வேட்டி நுனியில் கையைத் துடைத்தான். கீழே பார்த்துக்கொண்டே, "எட்டு வேணாங்க. கரையில திரும்பையில படுத்துரும்" என்றான்.

"அதெல்லாம் ஓட்டுறவன் பாத்துக்குவான். நீ சொன்னதச் செய்யி."

"சரிங்க" என்றான்.

அவ்வளவுதான். சரிங்க!

முதலாளி போனதும் எங்கள் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் போய் நின்றார். "மச்சான், நீங்க இன்னொரு தடவ எடுத்துச் சொன்னா கேப்பாரு. நான் சொன்னா, ஓட்டத் தெரியாம பேசுறான்னுவாரு."

"அவரு செவிடா மாப்ள? கேட்டுச்சுல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டிப் போனேன். "ஏண்ணே, இன்னொரு வாட்டி சொன்னா வாயி தேஞ்சா போயிரும்? ஓட்டப் போறது ஒந் தங்கச்சி புருசன்!"

அவன் அன்றைக்குச் சொன்னதை எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறேன். "ஒரு தடவ சொன்னா அது சேதி. ரெண்டாந் தடவ சொன்னா கெஞ்சல். நான் யாருகிட்டயும் கெஞ்சி வேல பாக்கல, ஏத்தா."

பிறகு வேலையைத் தொடங்கினான். எட்டு விரல் தூக்க வேண்டுமென்றால் பட்டை சேர்த்துத் தீராது. அச்சுக்குக் கீழே இருக்கிற வில்லை எடுத்து அச்சுக்கு மேலே உட்கார வைக்க வேண்டும். மூன்று நாள் இருந்து செய்தான். புடவைக்கு ஓரம் தைத்தது போல அவ்வளவு நேர்த்தியாக வெல்டிங். கெட்ட வேலையை அரைகுறையாகச் செய்திருந்தாலாவது முதல் வாரமே ஏதாவது கழன்று, வண்டி நின்றிருக்கும். அதற்கும் அவன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஜீப் யானை மாதிரி நின்றது. தெருப்பிள்ளைகள் தவழாமல், குனிந்தே அதன் அடியில் புகுந்து விளையாடினார்கள். "பல்லக்குல போற மாதிரி ஆடுது புள்ள" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கண்மாய்க் கரைகளில், இறங்கித் தள்ளுகிறவரைப் போல அடிமேல் அடி வைத்து ஓட்டினார். ஒன்றரை மாதம் ஓட்டினார்.

மீமிசலிலிருந்து திரும்புகிறபோது. நல்ல பகல். எட்டு மூட்டை கிளிஞ்சல். ஒரு கண்மாய்க் கரையின் மேல் வருகிறார், கரை வலது பக்கம் வளைகிறது, கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடுகிறது. ஒடித்தார். ஒரு சாதாரண ஒடிப்பு, மூன்று விரல் வண்டியாக இருந்தால் குலுங்கிவிட்டுப் போயிருக்கும். இது இடது பக்கமாக, மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி படுத்துவிட்டது. ஸ்டீரிங்கும் இடது பக்கம்தானே. அவருடைய இடது தொடை வண்டிக்குக் கீழே. கரையில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து தூக்கியபோது, உடம்பு முழுக்க வெள்ளைவெளேர் என்று கிளிஞ்சல் கொட்டிக் கிடந்ததாம். "சிப்பிக்குள்ள கெடந்தாரு ஆத்தா" என்று ஒருத்தர் என்னிடம் வந்து சொன்னார். உயிர் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஓடினேன்.

உயிர் இருந்தது. தொடை எலும்பு இரண்டாகி, கட்டுப்போட்டு, கூடியபோது கால் குட்டையாகிவிட்டது. கிளச்சை மிதிக்கிற கால்.

அதுகூடப் போகட்டும். விழுவது விதி என்று என்னால் இருக்க முடியும். முதலாளி, "ஓட்டுனவன் குடிச்சிருந்தான்" என்றார். மதுவிலக்கு வந்து கெடுபிடியாக இருந்த காலம். குடித்தான் என்று எழுதினால் லைசென்ஸ் போகும், மானமும் போகும். எங்கள் வீட்டுக்காரர் பதநீர் குடித்தாலே தலை சுற்றுகிறது என்கிற ஆள்.

மாடு கட்டி இழுத்து வந்த ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. போலீஸ் ஏட்டு ஒருவர் விபத்தை எழுத வந்தார். முதலாளி இருந்தார், கொத்தனார் இருந்தார். எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்காக நான் போய் நின்றேன்.

"மேஸ்திரி, வண்டியில கோளாறு எதும் உண்டா?" என்றார் ஏட்டு.

"பிரேக்கு சுத்தம். ஸ்டீரிங்கு சுத்தம். பட்டை எதும் ஒடையல. பாத்துக்கங்க" என்றான் என் அண்ணன்.

"அப்ப ஓட்டுனவன் மேலதான் தப்பு."

நான் முன்னால் போனேன். "அண்ணே, எட்டு வேணாம், கரையில திரும்பையில படுத்துரும்னு நீ இவுகள்ட்ட சொன்னீல்ல? அதச் சொல்லு."

ஏட்டு முதலாளியைப் பார்த்தார். "அப்படியா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே" என்றார் முதலாளி. கொத்தனார் வானத்தைப் பார்த்தார்.

எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் வேட்டி நுனியில் கையைத் துடைத்தான். துடைக்க அந்தக் கையில் அன்றைக்கு ஒன்றும் இல்லை.

"சொல்ல வேண்டிய அன்னிக்குச் சொல்லியாச்சு ஏட்டய்யா. மறுக்காச் சொல்ற வழக்கம் நமக்கு இல்ல."

"அன்னிக்கு என்னய்யா சொன்ன?"

வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை.

நானே சொன்னேன். மூட்டை ஏற்றியதை, சுண்ணாம்பு பூசியதை, இரண்டாவது விரலில் கோடு விழுந்ததை, மூன்றாவதில் சுத்தமானதை, எல்லாவற்றையும். மட்கார்டுக்குள் கையை விட்டு, காய்ந்து கிடந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்து ஏட்டின் கண்முன்னே நீட்டினேன். அவர் சிரித்தார். "ஏம்மா, ஒலைக்கு அரிசி போடுற அளவெல்லாம் ஜீப்புக்குச் சொல்லாத." கொத்தனாரும் சிரித்தார். ஜீப்புக்கு மனையடி பார்த்த ஆள், அவர் சிரிக்கிறார்! குடித்துவிட்டு ஓட்டினார் என்று எழுதிக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் போயிற்று.

முதலாளிக்குப் பயந்து வாயை மூடினான் என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லை. அந்த வாரமே, "இனி ஒங்க வீட்டு வண்டி எதும் இங்கிட்டு வர வேணாம்" என்று முதலாளி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். அதுவும் ஒரு தடவை. பயந்திருந்தால் மன்னித்திருப்பேன், பயம் எல்லோருக்கும் உள்ளதுதான். இது பயமில்லை. கட்டியவள் கழுத்து நகையை வெளியில் எடுக்காமல் பூட்டி வைக்கிற கஞ்சன் மாதிரி, ஒரு சொல்லைப் பூட்டி வைத்தான். தங்கச்சி புருஷன் மானம் போனாலும் அவன் வழக்கம் போகக்கூடாது.

அந்த வீட்டைக் காலி செய்தோம். ஊரின் அந்தக் கோடிக்குப் போய் நான் இரண்டு எருமை பிடித்துப் பால் ஊற்றினேன். எங்கள் வீட்டுக்காரர் வாசலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்பார். "இவன் மூணாவது கியர்ல போட வேண்டியத ரெண்டுல இழுக்குறான்" என்பார். அவர் ஒருநாள்கூட என் அண்ணனைக் குறை சொன்னதில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொன்னேன். நல்லது கெட்டது எதற்கும், அவன் சாகிற வரைக்கும், நான் அங்கே போகவில்லை. அவனும் கூப்பிட்டுவிட்டதோடு சரி, ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. கேட்டால் இரண்டாம் தடவை ஆகிவிடுமே.

பத்து வருடம் கழிந்திருக்கும். ஒரு நாள் முற்பகலில் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தவள் கழுவாத கையோடு எழுந்து போனேன். அதே ஜீப். முதலாளி வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனது ஒர்க்‌ஷாப் வெயிலில் கிடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதே பெரிய டயர். ஆனால் யானை மாதிரி இல்லை, அமரிக்கையாக நின்றது. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எத்தனை விரல் என்று.

அவன் இறங்கி நின்றான். தலை நரைத்திருந்தது. ஸ்டீரிங் பக்கத்தில் புதிதாக ஒரு இரும்புப் பிடி வைத்திருந்தான். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"கிளச்ச கையில புடிக்கிற மாதிரி பண்ணிருக்கேன். கால் வேணாம். மாப்ளய வந்து ஏறிப் பாக்கச் சொல்லு."

என் கையெல்லாம் பருத்திப்பால். இன்னொரு தடவை சொல்லட்டும் என்று நின்றேன். ஒரே ஒரு தடவை. அந்த மனுஷனுக்காக, அந்தக் காலுக்காக, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த நாலு மாதத்துக்காக, இந்த வாசலில் நின்று இரண்டாம் தடவை அவன் கேட்கட்டும். கேட்டால் வழி விடுவேன்.

அவன் நின்றான். நானும் நின்றேன். எருமை கத்தியது. பிறகு அவன் ஏறி உட்கார்ந்தான், ஜீப்பைத் திருப்பினான். எங்கள் தெருமுனை கை மடித்தது போல ஒடுக்கமான திருப்பம். அதில் வேகம் குறைக்காமல் திரும்பினான். வண்டி ஒரு நூல்கூடச் சாயவில்லை.

உள்ளே சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்காரர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது தெருவில் புழுதி மட்டும்தான் இருந்தது. துவைத்த சட்டையை எடுத்து மாட்டியிருந்தார், பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது.

புழுதி அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு ஒரு தடவயாச்சும் சொன்னாரு புள்ள" என்றார். "நீ அதுகூட எங்கிட்டச் சொல்லலயே."